அஞ்சல் அறம்: ஹிராம் பெர்சி மாக்சிமும் வானொலி ஆர்வலர் கழகமும்

தோற்றுவாய்

ஒரு கழகத்தைத் தொடங்குதல் எளிது. அதனை நிலைநிறுத்துதல் அரிது. ஒத்த விருப்பமுடைய நால்வர் ஒரு மாலைப்பொழுதில் கூடினால் கழகம் பிறந்துவிடும். முதல் ஊக்கம் தணிந்து, கையிருப்புக் குறைந்து, உறுப்பினர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்த பின்னரும் அக்கழகத்தை எது தாங்கி நிற்கிறது என்னும் வினாவிற்கு விடை காண்பதே கடினம். இவ்வினா இலக்கியக் கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1914ஆம் ஆண்டு தோன்றி, மூன்றே ஆண்டுகளில் வாயடைக்கப்பட்டு, மீண்டும் உயிர்பெற்று, இன்று நூற்றாண்டினைக் கடந்து நிற்கும் கழகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம்’. அதனைத் தோற்றுவித்துத் தம் இறுதி நாள் வரை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம் என்னும் பொறியாளர்.

தொழிலாகவோ வணிகமாகவோ அன்றி, விருப்பம் ஒன்றே காரணமாக வீட்டில் கருவி அமைத்துக்கொண்டு, பிற நிலையங்களோடு வானலை வழியே உரையாடுவோரை ‘அமெச்சூர்’ என்றும் ‘ஹாம்’ என்றும் அழைப்பர். அமெச்சூர் என்னும் சொல்லை அரைகுறைப் பயிற்சியுடையவர் என்னும் பொருளில் வழங்குவாரும் உளர். அன்பு செய்தல் என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து அச்சொல் பிறந்தது. தமிழில் அதற்கு ஈடாக நிற்கத்தக்கது ‘ஆர்வலர்’ என்னும் சொல். அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர் இச்சொல்லை ஆண்டுள்ளார். ஆர்வலர் கூட்டம் ஒன்று அரசையும் கடலையும் எதிர்கொண்ட வரலாறே மாக்சிமின் வரலாறு ஆகும்.

இளமையும் பொறியியற் பணியும்

ஹிராம் பெர்சி மாக்சிம் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், தானே இயங்கும் இயந்திரத் துப்பாக்கியை 1884இல் உருவாக்கி உலகப் பெயர் பெற்றவர். 1881இல் ஐரோப்பா சென்ற தந்தையார் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். பின்னர் அந்நாட்டின் ‘சர்’ பட்டமும் பெற்றார். துப்பாக்கிகளின் பேரோசையை இடைவிடாது கேட்டதனால் அவருடைய செவிப்புலன் பெரிதும் கெட்டது. தந்தை உருவாக்கிய கருவியின் பெயரோடு தம் பெயரும் எப்போதும் சேர்த்தே பேசப்படும் என்பதை அறிந்தே மகன் வளர்ந்தார்.

மாக்சிம் தம் பதினாறாம் வயதில், 1886இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படிப்பை முடித்தார். சில ஆண்டுகள் மின் நிறுவனங்களில் பணியாற்றிய பின், லின் நகரில் வெடிகுண்டுகள் செய்யும் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர் ஆனார். 1892இல் ஓர் இரவு சேலம் என்னும் ஊரிலிருந்து (இது மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்) லின் நகருக்கு மிதிவண்டியில் தனியே திரும்பிக்கொண்டிருந்தார். மனிதன் கால்களால் மிதித்து ஓட்டும் இவ்வண்டியை ஓர் இயந்திரம் ஓட்டினால் என்ன என்னும் எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது. வெறுமையான பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்றில் பெட்ரோல் துளியை விட்டுத் தீக்குச்சியைக் காட்டி, அது வெடிக்கும் ஆற்றலை நேரிற் கண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதே துறையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் முயன்றுவந்ததை அவர் அன்று அறிந்திருக்கவில்லை.

மூன்று சக்கர வண்டியில் தாம் அமைத்த பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிய முயற்சியின் பயனாக, 1895இல் ஹார்ட்போர்டு நகரின் போப் மிதிவண்டி நிறுவனம் அவரைத் தன் மோட்டார் வண்டிப் பிரிவிற்கு அழைத்துக்கொண்டது. அந்நிறுவனம் 1897இல் வெளியிட்ட ‘கொலம்பியா’ மின்வண்டி அவர் தலைமையில் உருவானதாகும். கனெக்டிகட் மாநிலத்தின் பிரான்போர்டில் 1899இல் நடந்த வட்டத்தட மோட்டார் பந்தயத்தில் அவரே வண்டி ஓட்டி வெற்றி பெற்றார்.

அவருக்குப் பெரும் புகழையும் செல்வத்தையும் தந்தது வேறொரு கண்டுபிடிப்பு. துப்பாக்கிக் குழலின் முனையிலிருந்து பீறிட்டு வரும் வளியைச் சுழலச் செய்து, அதன் வேகத்தைத் தணித்து வெளியேற்றினால் ஓசை அடங்கும் என்று கண்டார். அவ்வொலியடக்கிக்கு 1909ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. அதே விதியை அவர் இயந்திரப் புகைபோக்கிகளுக்கும் தொழிற்சாலைக் காற்றுக் குழாய்களுக்கும் விரித்தார். துப்பாக்கி ஒலியடக்கி குற்றங்களுக்குத் துணைபோகும் என்னும் அச்சம் நாட்டில் எழுந்தது. 1934இல் அமெரிக்க அரசு அதன் கைமாற்றத்திற்கு 200 டாலர் வரி விதித்தது. பின்னாளில் அவருடைய நிறுவனம் இயந்திரங்களின் இரைச்சலை அடக்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டது. தந்தை உலகிற்கு அளித்த ஓசையை மகன் அடக்க முயன்றார் என்று சொல்வது மிகையாகாது.

முப்பது மைல் தொலைவு

ஓசையை அடக்கும் தொழிலுடைய இவரே, மின்பொறி வெடித்துத் தெறிக்கும் பேரோசையுடைய அன்றைய வானொலிக் கருவியின்பால் ஈர்க்கப்பட்டார் என்பது வியப்பிற்குரியது. இளமை முதல் மின்துறையில் ஊறியவராயினும், வானொலியில் அவரை ஈடுபடுத்தியவன் அவருடைய சிறுவயது மகனே. மகனுக்குத் துணையாகக் கருவி அமைக்கத் தொடங்கிய தந்தை, நாற்பது வயதிற்கு மேல் தாமே அதில் ஆழ்ந்தார். அன்று தொடங்கிய ஆர்வம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் அமெரிக்க ஆர்வலர்கள் 1912ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டிருந்தனர். 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டன. ஆற்றல் 1 கிலோவாட்டிற்கு மிகக் கூடாது. தொலைவிற்கு உதவும் நீண்ட அலைகள் அனைத்தும் அரசுக்கும் கடற்படைக்கும் வணிக நிறுவனங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. குறுகிய அலைகள் நெடுந்தொலைவு செல்லமாட்டா என்பது அன்றைய அறிஞர் கருத்து. பயனற்றதெனக் கருதப்பட்ட புறம்போக்கு நிலமே ஆர்வலர்க்குக் கிடைத்தது.

1914 ஏப்ரலில் மாக்சிமுக்கு ‘ஆடியான்’ எனப்படும் வால்வு ஒன்று தேவைப்பட்டது. ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரின் ஆர்வலர் ஒருவரிடம் அது விற்பனைக்கு இருந்தது. வானலை வழியே அவரிடம் பேச மாக்சிம் முயன்றார். சட்டம் இசைந்த முழு ஆற்றலையும் கொண்டது அவருடைய நிலையம்; எனினும் அன்றிரவு அதன் குறிகள் ஸ்பிரிங்பீல்டை எட்டவில்லை. இவ்விரு நகரங்களுக்கும் இடையே வின்சர் லாக்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த ஆர்வலர் ஒருவரை அழைத்துத் தம் செய்தியைக் கொடுத்தார். அவர் அதனை ஸ்பிரிங்பீல்டிற்குச் சேர்ப்பித்தார்.

இது மிகச் சிறிய நிகழ்ச்சி. வேறொருவராயின் இன்னும் ஆற்றல் மிக்க கருவியை எவ்வாறு அமைப்பது என்று எண்ணியிருப்பார். அதற்குரிய அறிவும் பொருளும் மாக்சிமிடம் இருந்தன. அவர் எண்ணியதோ வேறு. தனியொரு நிலையம் முப்பது மைலைக் கடக்க இயலாதபோது, இடையிலிருந்த ஒருவரின் உதவியால் செய்தி கடந்தது; அவ்வாறு இடைநிற்போர் நாடெங்கும் இருந்தால், கடலிலிருந்து கடல் வரை செய்தி செல்லுமன்றோ? வலிமையைப் பெருக்குவதை விடுத்து, கைகளைக் கோப்பதே வழியென அவர் தெளிந்தார்.

ஹார்ட்போர்டு வானொலி மன்றம் அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் உருவாகியிருந்தது. அதன் ஏப்ரல் கூட்டத்தில் மாக்சிம் இக்கருத்தை முன்வைத்தார். மன்றம் இசைந்தது. 1914 மே 18 கழகத்தின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. மாக்சிம் தலைவராகவும், இருபது வயதுகூட நிரம்பாத கிளாரன்ஸ் டஸ்கா செயலாளராகவும் பொறுப்பேற்றனர். நாற்பத்துநான்கு வயதுடைய புகழ்மிக்க தொழிலதிபர் ஒருவர், மகன் போன்ற இளைஞரைச் செயலாளராகக் கொண்டு தொடங்கிய கழகம் அது.

அஞ்சல் என்னும் பணி

‘ரிலே’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘அஞ்சல்’ என்று வழங்குவது பொருத்தமானதே. ஒருவர் கைக்கோலை மற்றவர் வாங்கி ஓடும் பந்தயம் அஞ்சல் ஓட்டம். ஒரு நிலையத்து நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கிப் பரப்புவதும் அஞ்சல். மாக்சிமின் கழகத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் இத்தகைய அஞ்சல் நிலையம் ஆயினர். 1914 கோடைக்குப் பின் 200க்கு மேற்பட்ட நிலையங்கள் பட்டியலில் இடம்பெற்றன. 1915 ஜனவரியில் கழகம் உள்ளூர் மன்றத்தினின்று பிரிந்து தனியே சட்டப்படி பதிவு பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ‘கியூஎஸ்டி’ என்னும் இதழ் வெளிவந்தது. அனைத்து நிலையங்களையும் விளித்தழைக்கும் குறியே அம்மூன்றெழுத்து. தொடக்கத்தில் அது டஸ்காவின் சொந்த முயற்சியாக நடைபெற்றது.

அஞ்சல் பணியில் ஓர் ஒழுக்கம் உண்டு. பிறர் செய்தியை வாங்கிக் கடத்துவோர் அதில் ஒரு சொல்லையும் கூட்டுதலோ குறைத்தலோ கூடாது. அதன்பொருட்டுச் செய்தியின் தலைப்பில் அதிலுள்ள சொற்களின் எண்ணிக்கை குறிக்கப்படும். வாங்குவோர் எண்ணிச் சரிபார்த்த பின்னரே பெற்றதாக ஒப்புக்கொள்வர். அனுப்புநரும் பெறுநரும் தமக்கு அறிமுகமற்றவராயினும் செய்தியைப் பழுதின்றிச் சேர்ப்பிப்பதே கடன். தமிழர்க்கு இவ்வொழுக்கம் புதிதன்று. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துப் படியெடுத்துத் தலைமுறைதோறும் கைமாற்றிய பெயரறியா ஏடெழுதுவோரால் அன்றோ சங்க நூல்கள் அச்சுக் காலம் வரை வந்து சேர்ந்தன? ஏடெழுதியோரும் ஓரிடத்துக் குறைவின்றி வாங்கி, அடுத்தவர்க்குக் குறைவின்றிக் கொடுத்தவர்களே.

1916ஆம் ஆண்டு வாஷிங்டன் பிறந்தநாளில், நாட்டின் நடுப்பகுதியிலிருந்து புறப்பட்ட ஒரு செய்தி மாநில ஆளுநர்களை நோக்கி நிலையம் விட்டு நிலையம் தாண்டிச் சென்றது. 1917 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சிற்குச் செய்தி சென்று, விடையும் 1 மணி 20 நிமிடத்தில் திரும்பி வந்தது. முப்பது மைல் தடையால் தோன்றிய எண்ணம், மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு கண்டத்தைக் கடந்துவிட்டது.

வாயடைப்பும் மீட்சியும்

அவ்வெற்றியின் மகிழ்ச்சி இரண்டு திங்களே நிலைத்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஆர்வலர் நிலையங்கள் அனைத்தையும் மூடவும், வான்கம்பிகளை இறக்கவும் அரசு ஆணையிட்டது. அனுப்புதல் மட்டுமன்றிக் கேட்டலும் தடை செய்யப்பட்டது. குறிகளை விரைந்து படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படைகளிற் சேர்ந்தனர். டஸ்காவும் படைப்பணி ஏற்றார். செப்டம்பர் இதழோடு கியூஎஸ்டி நின்றது. கழகத்திற்குச் செயலாளர் இல்லை, இதழ் இல்லை, வானில் ஒரு குரலும் இல்லை. எஞ்சியிருந்தவை உறுப்பினர் முகவரிகளும் ஒரு தலைவருமே.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. அடைத்த வாய் திறக்கும் என்று ஆர்வலர் எதிர்பார்த்திருந்த வேளையில், வானொலித் துறையைக் கடற்படையின் கட்டுப்பாட்டில் வைக்கும் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்திற்கு வந்தது. கடற்படைச் செயலர் ஜோசிபஸ் டேனியல்ஸ் அதனை ஆதரித்தார். போரில் வானொலி ஆற்றிய பணியைக் கண்டோர்க்கு அது நாட்டின் பாதுகாப்பிற்குரிய ஏற்பாடாகத் தோன்றியது. பல நிலையங்கள் ஒன்றன் குறியை ஒன்று குலைக்கும் குழப்பம் நீங்கும் என்றும் வாதிட்டனர். அவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் அது நிறைவேறியிருப்பின் ஆர்வலர் என்னும் இனத்திற்கே இடமிருந்திராது.

மாக்சிம் செய்தவை இரண்டு. நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, எளிய இளைஞர்கள் தம் சொந்தப் பொருளால் கற்ற கலையே போர்க்காலத்தில் நாட்டிற்கு உதவிற்று என்பதை எடுத்துரைத்தது ஒன்று. பழைய உறுப்பினர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் அஞ்சலட்டைகள் அனுப்பி, தத்தம் பகுதி உறுப்பினருக்கு மறுப்பினைத் தெரிவிக்குமாறு வேண்டியது மற்றொன்று. வானலை மூடப்பட்டிருந்தபோது தபால் வழியே அஞ்சல் நடந்தது. எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. 1919 ஜனவரியில் அம்முன்வரைவு ஒதுக்கி வைக்கப்பட்டது.

கழகம் பிழைத்தது, ஆனால் வெறும் பெயராகவே பிழைத்தது. 1919 மார்ச்சில் இயக்குநர்கள் கூடியபோது கருவூலம் ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. இதழும் கழகத்திற்குரியதன்று, அது டஸ்காவின் உடைமை. கழகத்தைக் கலைத்துவிடுதல் அன்று இயல்பானதாகவே தோன்றியிருக்கும். செல்வரான மாக்சிம் ஒருவரே பொருள் முழுவதையும் கொடுத்திருத்தலும் கூடும். அவ்வாறு செய்திருப்பின் அது ஒரு செல்வரின் கழகமாக முடிந்திருக்கும். இயக்குநர்கள் முதலில் தம் கைப்பொருளை இட்டனர். பின்னர்க் கழகம் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பழைய உறுப்பினர்களிடம் விற்றது. அப்போது நாட்டில் ஒரு நிலையமும் குறி அனுப்ப உரிமை பெற்றிருக்கவில்லை. மீண்டும் எப்போது வானில் பேசலாம் என்பதை அறியாத இளைஞர்கள், பேசவியலாத கழகத்திற்குப் பொருள் கொடுத்தனர். அப்பொருளால் இதழ் கழகத்தின் உடைமையாயிற்று. கென்னத் வார்னர் முழுநேரச் செயலாளராக அமர்ந்தார். கேட்பதற்கிருந்த தடை 1919 ஏப்ரலிலும் அனுப்புவதற்கிருந்த தடை அக்டோபரிலும் நீங்கின.

மாக்சிம் கழகத்தின் வரலாற்றில் இவ்விரண்டு ஆண்டுகளே உயிர்நிலை. 1917இன் கண்டம் கடந்த வெற்றி கழகத்தின் ஆற்றலைக் காட்டியது. 1919இன் கடன் பத்திரங்கள் அதன் வேரைக் காட்டின. தாம் ஒவ்வொருவரும் இன்றியமையாத ஓர் இடைநிலையம் என்று உணர்ந்திருந்தமையால்தான் உறுப்பினர்கள் கழகத்தை விட்டுவிடவில்லை. கேட்போராக மட்டும் அமர்ந்திருந்தோர் கலைந்து போயிருப்பர். கடத்துவோராக நின்றோர் கலையவில்லை.

கடல் கடந்த குறிகள்

மீண்டெழுந்த கழகம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க முனைந்தது. 1921 பிப்ரவரியில் நடந்த முதல் முயற்சியில் அமெரிக்கக் குறிகள் பிரிட்டனில் கேட்கவில்லை. கழகம் சோரவில்லை. அவ்வாண்டு இறுதியில் பால் காட்லி என்னும் தேர்ந்த ஆர்வலரை ஸ்காட்லாந்திற்கு அனுப்பியது. ஆர்ட்ராசன் கடற்கரையில், டிசம்பர் மாதக் காற்றிலும் மழையிலும், ஒரு கூடாரத்தில் கருவி வைத்து அவர் இரவெல்லாம் கேட்டிருந்தார். இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆர்வலர் நிலையங்களின் குறிகள் அவர் செவியில் விழுந்தன. கனெக்டிகட் மாநிலத்துக் கிரீன்விச்சிலிருந்து அனுப்பப்பட்ட முழுச் செய்தி ஒன்றினையும் அவர் பெற்றார்.

1923 நவம்பர் இறுதியில் அதனினும் பெரிய நிகழ்ச்சி நேர்ந்தது. பிரான்சின் நீஸ் நகரத்து லியான் டெலாய், கழகத்தின் அலுவலரான பிரெட் ஷ்நெல், அவரைத் தொடர்ந்து ஜான் ரெய்னார்ட்ஸ் ஆகியோர் ஏறத்தாழ 100 மீட்டர் அலைநீளத்தில் கடலின் இரு கரைகளிலுமிருந்து ஒருவர்க்கொருவர் விடை கூறிக்கொண்டனர். பயனற்றவை என்று ஒதுக்கித் தள்ளப்பட்ட சிற்றலைகளே நெடுந்தொலைவிற்கு மிக ஏற்றவை என்பது தெளிவாயிற்று. சிற்றலைகள் வானின் மேலடுக்கிலுள்ள மின்னூட்டப் படலத்தில் பட்டுத் திரும்பிப் புவியை அடைவதனால், சிறிய ஆற்றலும் பெருந்தொலைவைக் கடக்கிறது. பின்னர் அரசுகளும் வணிக நிறுவனங்களும் அச்சிற்றலைகளையே நாடி வந்தன.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஒரு நிலையம் கடல் கடந்தே பேசவல்லதானால், இடையில் நின்று கடத்துவோர் எதற்கு? கழகம் எப்பணிக்காகத் தோன்றியதோ, அப்பணியின் தேவையைக் கழகத்தின் வெற்றியே குறைத்துவிட்டது. எனினும் கழகம் தன் பெயரில் ‘அஞ்சல்’ என்னும் சொல்லை நீக்கவில்லை. இன்றும் அச்சொல் நிற்கிறது. முன்பு ஊர்களை இணைத்தோர் இப்போது நாடுகளை இணைக்க முற்பட்டனர். 1925 ஏப்ரலில் பாரிசில் 25 நாடுகளின் ஆர்வலர் கூடிப் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தை நிறுவினர். மாக்சிம் அதன் தலைவரானார். போர் முடிந்து ஏழாண்டுகளே கழிந்திருந்தன என்பதை நினைவிற் கொண்டால் அக்கூட்டத்தின் அருமை விளங்கும்.

1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலித் தந்தி மாநாட்டில் ஆர்வலரின் உரிமை மீண்டும் வினாவிற்குள்ளாயிற்று. சிற்றலையின் மதிப்பை உலகம் உணர்ந்துவிட்டமையால், அதனைக் கண்டறிந்து கொடுத்தவர்களிடமிருந்தே அதனை வாங்கிக்கொள்ளப் பல அரசுகள் விரும்பின. மாக்சிமும் வார்னரும் அங்கு நின்று வாதாடினர். ஆர்வலர்க்குரிய அலைவரிசைகள் சுருங்கின. ஆயினும் 160, 80, 40, 20, 10 மீட்டர் வரிசைகள் பன்னாட்டு உடன்படிக்கையில் முதன்முறையாக அவர்களுக்கென இடம்பெற்றன. குறைத்துக் கொடுத்தார்கள் என்று சினந்த ஆர்வலர் பலர் உண்டு. இழந்தவற்றினும் நிலைபெற்றவற்றின் மதிப்புப் பெரிது என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று.

முதியவர் என்னும் புனைபெயர்

மாக்சிமின் வாழ்வில் எழுத்தாளர்க்குச் சுவையூட்டும் பகுதி ஒன்று உண்டு. கியூஎஸ்டி இதழில் ‘முதியவர்’ என்னும் பொருளுடைய புனைபெயரில் நகைச்சுவைக் கட்டுரைகள் பல வெளிவந்தன. வானலையில் ஒழுங்கின்றிக் குறுக்கிடுவோர், தேவையின்றி நெடுநேரம் குறி தட்டுவோர், பிறர் பேசும்போது இடைபுகுவோர் ஆகியோரைச் சிடுசிடுப்பான ஒரு கிழவரின் வாயால் அக்கட்டுரைகள் சாடின. விதி மீறுவோரைத் தண்டிக்கும் கருவி என்று ‘ஊஃப் ஹாங்’ என ஒன்றைக் கற்பனை செய்து, மரத்தாலான அக்கருவியையும் கழக அலுவலகத்திற்கு அனுப்பி வைத்தார் அம்முதியவர். உறுப்பினர்கள் சிரித்தனர், சிரித்துக்கொண்டே திருந்தினர்.

அம்முதியவர் யார் என்பது பல்லாண்டுகள் பெரும் புதிராக இருந்தது. கழகத் தலைவரே அவர் என்னும் உண்மை அவர் மறைந்த பின்னரே வெளியாயிற்று. தலைவர் என்னும் நிலையிலிருந்து அவர் கடிந்துரைத்திருப்பின் அது ஆணையாகியிருக்கும். பெயரற்ற கிழவர் ஒருவரின் முணுமுணுப்பாக வந்தமையால் அது தோழமையாயிற்று. தம் எழுத்திற்குக் கிடைத்த பாராட்டை எல்லாம் தம் பெயரில் ஏற்காமல் இருபது ஆண்டுக் காலம் அவர் பொறுத்திருந்தார். எழுதுவோர் அறிவர், இது எளிய பொறுமையன்று.

தம் பெயரிலும் அவர் நூல்கள் எழுதினார். விண்வெளியில் உயிர்கள் உண்டோ என்பதை ஆராயும் நூல் 1933இல் வெளிவந்தது. தந்தையாரோடு கழித்த சிறுவயது நாட்களை நகைச்சுவை கலந்து வரைந்த ‘குடும்பத்தில் ஒரு மேதை’ 1936இல் வெளிவந்து, பத்தாண்டுகளுக்குப் பின் திரைப்படமாகவும் ஆயிற்று. மோட்டார் வண்டி முயற்சிகளை விவரிக்கும் நினைவு நூல் அவர் மறைந்த பின் 1937இல் வெளியாயிற்று. விருப்பத்தால் திரைப்படம் எடுப்போரை ஒன்றுசேர்த்து 1926இல் ஒரு கழகத்தையும் அவர் நிறுவினார். தொழில் எதுவாயினும் ஆர்வலரை ஆர்வலரோடு இணைப்பதே அவர் இயல்பாக இருந்தது.

மறைவும் எச்சமும்

1936 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைக் காணும் விருப்பத்தோடு மாக்சிம் தொடர்வண்டியில் மேற்கே பயணமானார். வழியில் தொண்டை நோய் கண்டு, கொலராடோ மாநிலத்தின் லா ஹுண்டா என்னும் ஊரில் இறக்கப்பட்டு, பிப்ரவரி 17ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 66.

அடுத்த திங்களே அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அவர் வாழ்ந்த ஹார்ட்போர்டு நகரும் நீரில் மூழ்கியது. தொலைபேசிக் கம்பிகளும் தந்திக் கம்பிகளும் அறுந்த ஊர்களிலிருந்து ஆர்வலர்கள் உதவி வேண்டும் செய்திகளை நிலையம் விட்டு நிலையம் கடத்தினர். தேவையற்றுப் போனதாகக் கருதப்பட்ட அஞ்சல் பணி, தலைவர் இல்லாத முதல் மாதத்திலேயே தன் தேவையைத் தானே மெய்ப்பித்தது. அதை நடத்த ஆணையிட மாக்சிம் இல்லை. ஆணை வேண்டியிருக்கவும் இல்லை.

அவருடைய நிலையத்தின் அழைப்புக் குறி டபிள்யூ1ஏடபிள்யூ. அக்குறியை வேறெவர்க்கும் வழங்காமல் கழகத்திற்கே அரசு அளித்தது. 1938 செப்டம்பர் 2ஆம் நாள், அவர் பிறந்தநாளில், நியூயிங்டனில் அவர் நினைவு நிலையம் திறக்கப்பட்டது. மோர்ஸ் குறி பயில விழையும் புதியவர்க்காக மெதுவாகவும் விரைவாகவும் பயிற்சிக் குறிகளை அந்நிலையம் இன்றும் அனுப்பிவருகிறது. மறைந்த தலைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கு ஒலிப்பது, முன்பின் அறியாத மாணவர்க்கு எழுத்தறிவிக்கும் பணியாகும். ஒரு தலைவர்க்கு இதனினும் தக்க நினைவுச் சின்னம் அமைதல் அரிது.

‘அஞ்சல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. ‘அஞ்சாதே’ என்று அடைக்கலம் அளிப்போர் கூறும் சொல்லும் அதுவே. வின்சர் லாக்ஸ் என்னும் சிற்றூரில் ஓர் இரவு செவியில் கருவியை அணிந்து அமர்ந்திருந்த அந்த ஆர்வலர், முப்பது மைலைக் கடக்க இயலாது தவித்த ஒரு செய்திக்கு அவ்விரு பொருளிலும் அஞ்சல் ஆனார். அவ்விரவில் அவர் கருவியை அணைத்துவிட்டு உறங்கியிருந்தால் கழகமே தோன்றியிராது. கழகங்களின் வரலாறு தலைவர்களின் பெயரால் எழுதப்படுகிறது; அவை வாழ்வதோ இடையில் விழித்திருப்போரால்.